இரண்டு ஆறு மணி

ஆறு மணி என்றால் எனக்கு ஆறு மணிதான். ஐந்து ஐம்பத்தொன்பதும் இல்லை, ஆறு ஒன்றும் இல்லை. கிளிநொச்சியில் நான் கணிதம் படிப்பித்த காலத்தில், மணி அடித்த பிறகு வகுப்புக்குள் கால் வைத்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். "உங்களைக் கட்டினதுக்கு ஒரு மணிக்கூட்டைக் கட்டியிருக்கலாம்" என்று மனைவி சொல்வாள். அந்த நாட்களில் அதை ஒரு புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். என்னிடம் கொஞ்சம் ஒழுங்கீனம் இருந்திருந்தால், இதை எழுதவேண்டிய தேவையே வந்திராது.

அது சமாதானக் காலம். தெற்குக்குப் போகும் பாதை திறந்திருந்தது. வீட்டுக்குத் தொலைபேசி வந்திருந்தது. வவுனியாவிலிருந்து பழைய கணினி ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுவந்தேன். வந்த அன்றே முதல் வேலையாக அதன் மணிக்கூட்டைச் சுவர் மணிக்கூட்டோடு ஒத்துப்போகச் சரிசெய்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது மாரி தொடங்கிய கிழமை. உருத்திரபுரத்தில் வயல் பார்க்கப் போனவர், எழும்ப முடியாமல் வரம்பிலேயே இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்அறையில் கட்டில் போட்டோம். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு முற்றாகப் போகவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் விளங்கும். உதட்டையும் கண்ணையும் இடது கையையும் சேர்த்துப் பார்த்தால் முழு வசனமும் பிடிபடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வெறும் முனகல்தான்.

எனக்கு ஓர் அண்ணன். அப்போது அவர் கனடாவுக்குப் போய்ப் பதின்மூன்று ஆண்டுகள். வெட்டிய நெல்லைச் சூடு மிதிக்க ஆட்களுக்குச் சொல்லிவிட்டு அப்பா களத்தில் காத்துநின்ற ஒரு காலையில், அண்ணன் ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டுப் போனார். மத்தியானம் வரைக்கும் அப்பா அவரைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னேரம்தான் யாரோ வந்து, மூத்தவன் கொழும்புக்குப் போகிற ஆட்களோடு போய்விட்டான் என்று சொன்னார்கள். "எனக்கு இனி ஒரு பிள்ளைதான்" என்றார் அப்பா. சொன்னது சொன்னதுதான். கடிதம் வந்தால் தன் முன்னால் வாசிக்க விடமாட்டார். தொலைபேசி வந்த பிறகு, அண்ணன் எடுக்கிறார் என்று தெரிந்தாலே எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். என் கோபம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்கத் தேவையில்லை.

பாரிசவாதம் வந்த மூன்றாம் கிழமை, ஒரு சனிக்கிழமை, அப்பா என்னைக் கையால் கூப்பிட்டார்.

"மூத்தவனோட கதைக்கவேணும்."

எனக்கு என் காதை நம்ப முடியவில்லை. மனைவி குசினிக்குள் போய் அழுதாள். அன்று அண்ணன் எடுத்தபோது தொலைபேசியை அப்பாவின் காதோடு பிடித்தேன். அவர் பேசினார். பேசப் பேசக் கண்ணீர் ஓடியது. பிறகு நான் வாங்கிக் கேட்டால், மற்றப் பக்கத்தில் அண்ணன் பதறிக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, அப்பா என்னடா சொல்லுறார்? எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை."

மூன்று தடவை முயன்றோம். மூன்றாம் தடவை அப்பா இடது கையால் தொலைபேசியைத் தட்டிவிட்டார். நானே கேட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நான் கேட்டேன். "உனக்குச் சொல்லுற கதையில்லை" என்றார் அப்பா. தன் மூத்த மகனிடம் தன் வாயால் சொல்லவேண்டும், அவன் தன் முகத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அண்ணனாலும் வர ஏலாது. அங்கே அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

வீடியோ எடுக்கலாம் என்று சொன்னது மனைவி. கலியாணவீடுகளுக்குப் படம் பிடிக்கிறவர் ஒருவர் வந்தார். அப்பாவுக்கு முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கதிரையில் இரண்டு பக்கமும் தலையணை வைத்து இருத்தினோம். எட்டு நிமிடம் பேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், ஆனால் அதை என் வாயால் அண்ணனுக்குச் சொல்லக் கூடாது என்று முதலே மறித்திருந்தார். முடிந்ததும், ஒரு போகம் வெட்டி முடித்தவர் மாதிரிக் களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்தார்.

அதைச் சீடியில் போட்டுத் தபாலில் அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. எங்கே தங்கியது என்று யாருக்கும் தெரியாது. மின்னஞ்சல் அவ்வளவு பெரிய கோப்பைச் சுமக்காது. அப்போதுதான் அண்ணன் ஒரு மென்பொருளைப் பற்றிச் சொன்னார். அவருடைய கணினியும் என்னுடைய கணினியும் நேருக்கு நேர் தொடுத்துக்கொள்ளும். கோப்பு என்னிடமிருந்து அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இடையில் அறுந்தால் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரேயொரு நிபந்தனை: இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவேண்டும்.

அண்ணனுக்குச் சொந்தக் கணினி இல்லை. நிலக்கீழ் அறையொன்றில் கூட இருந்தவருடைய கணினி அது. அந்த மனிதர் வேலையால் வர முன்னம், அண்ணன் இரவு வேலைக்கு வெளிக்கிட முன்னம், இடையில் அரை மணித்தியாலம் அது சும்மா இருக்கும்.

"இலங்கை நேரம் காலமை ஆறு மணியிலயிருந்து ஆறரை மட்டும்," என்றார் அண்ணன். "ஒவ்வொரு நாளும் திறந்துவைக்கிறன். மூண்டு நாலு நாளில வந்திடும்."

"ஆறு மணிக்கு நான் ரெடி," என்றேன்.

எங்கள் பக்கம் விடியற்காலையில் கரண்ட் இல்லை. வீட்டின் பின்பத்தியில் சிறிய ஜெனரேற்றர் ஒன்று இருந்தது. அதன் சத்தத்தில் அப்பா கண்ணை இறுக்கிக்கொள்வார், அதனால் ஒரு நிமிடம்கூட வீணாக ஓட விடமாட்டேன். ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கயிற்றை இழுப்பேன். ஆறு அடிக்கும்போது தொலைபேசி வயரைக் கணினியில் செருகி, இன்ரர்நெற்றுக்கு எடுத்து, மென்பொருளைத் திறப்பேன். அதில் அண்ணனுடைய பெயர் ஒரு வரியில் கிடக்கும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. அவர் வந்திருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல்.

முதல் நாள் சாம்பல். இரண்டாம் நாள் சாம்பல். மூன்றாம் நாளும் அதுதான். "மற்றப் பக்கத்தோடு இணைக்க முடியவில்லை" என்று ஒரு பெட்டி வந்து வந்து நின்றது. ஆறரை அடிக்க நிற்பாட்டுவேன். ஜெனரேற்றர் ஓய்ந்ததும் அப்பா இடது புருவத்தை உயர்த்துவார்.

"போட்டுதோ?"

"இல்லை அப்பா. லைன் சரியில்லை."

லைன்தான் என்று நான் உண்மையாகவே நம்பினேன். மழை விடாமல் பெய்தது. தொலைபேசிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரில் ஒரு மூட்டு. அதில் தண்ணீர் இறங்குகிறது என்று ஏணி வைத்து ஏறி, பழைய ஒட்டு ரேப்பைப் பிய்த்து, புதிதாகச் சுற்றினேன். புள்ளி சாம்பல். மோடத்தைக் கழற்றித் தூசு துடைத்தேன். சாம்பல். கணினிக்குள் தடுப்புச் சுவர் என்று ஒன்று உண்டு, வெளியிலிருந்து வருகிறவர்களை மறிப்பது. அதில் இந்த மென்பொருளுக்கு வாசல் திறந்துவிட்டேன். பிறகு பொறுமை கெட்டு அந்தச் சுவரையே முழுதாக நிற்பாட்டினேன். சனியன், அப்போதும் சாம்பல். மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். அண்ணன் பக்கத்திலும் ஒரு வாசல் இலக்கம் திறக்கவேண்டும் என்று எங்கோ வாசித்து, அடுத்த சனிக்கிழமை அதை ஒவ்வொரு எழுத்தாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கணக்குப் படிப்பிக்கிற மாதிரித்தான் சொன்னேன், அதட்டி அதட்டி. அவர் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று எழுதிக்கொண்டார். அவர் என்னிலும் ஏழு வயது மூத்தவர்.

மனைவி ஒரு நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ஒரு நாளைக்குக் கொஞ்சம் வெள்ளன போட்டுப் பாருங்கோவன்."

"ஏன்? ஆறு எண்டு சொன்னால் ஆறுதானே. வெள்ளன போட்டு ஆரோட கதைக்கிறது?"

"சும்மா ஒருக்கா…"

"உமக்கு இது விளங்காது. பேசாமல் இரும்."

தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனாள். இன்றைக்கு அதை நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளவேண்டும் போல இருக்கிறது. ஒரு நாள், ஒரேயொரு நாள், அவளுக்காகவாவது அந்தக் கயிற்றைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்திருந்தால்.

ஒரே தொலைபேசி லைன் என்பதால், கணினி அதில் இருக்கும்போது அண்ணனோடு பேச முடியாது. சனிக்கிழமை பின்னேரங்களில்தான் பேச்சு. நான்காவது சனிக்கிழமை அவருடைய குரல் மாறியிருந்தது.

"தம்பி, நான் ஆறிலயிருந்து ஆறரை மட்டும் கதிரையை விட்டு அசையேல்லை. நீ வரேல்லை."

"அண்ணை, சும்மா கதைக்காதேங்கோ. ஆறு அடிக்கேக்க நான் அதுக்கு முன்னால குந்தியிருக்கிறன். ஒவ்வொரு நாளும்."

"சத்தியமா?"

"அப்பாவாணை."

"நானும் அப்பாவாணை சொல்லுறன்."

இரண்டு பேரும் ஒரே அப்பாவின் மேல் சத்தியம் பண்ணினோம். ஒருவன் பொய் சொல்கிறான் என்று இரண்டு பேரும் முடிவுகட்டினோம். அடுத்த சனிக்கிழமை அண்ணன் கேட்டார்:

"உண்மையைச் சொல்லு. அப்பா என்னோட கதைக்கிறது உனக்குப் பிடிக்கேல்லையோ? அதாலயோ அனுப்பாமல் வைச்சிருக்கிறாய்?"

எனக்கு உச்சியில் பற்றியது. அன்றுவரை அண்ணனோடு 'நீங்கள்' போட்டுத்தான் பேசியிருக்கிறேன். அன்று அது போயிற்று.

"உனக்கென்ன விசரோ? பதின்மூண்டு வருசம் அந்தாளோட இருந்தது நான். அண்டைக்குக் களத்தில காக்கவிட்டுட்டு ஓடினனி. இண்டைக்கும் அதைத்தான் செய்யிறாய்!"

தொலைபேசியை வைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! திரும்பிப் பார்த்தால், அப்பா கட்டிலில் விழித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை அண்ணன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு ஜெனரேற்றரைப் போடுவதை நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் அப்பா ஏன் என்று கேட்பாரே. ஆறிலிருந்து ஆறரை வரை அந்தச் சாம்பல் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணன் இந்தப் பக்கமே வருவதில்லை என்று எனக்கு இப்போது நிச்சயம்.

தை பிறந்து சில நாளில், ஒரு காலை, அப்பா வழமைபோலப் புருவத்தை உயர்த்தினார்.

"போட்டுதோ?"

நான் வயரைப் பிடுங்கிக்கொண்டே, அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:

"உங்கட மூத்த மோனுக்கு உங்களைப் பாக்க அரை மணித்தியாலம் இல்லையாம். இனிக் கேக்காதேங்கோ."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்புவது அவருக்கு லேசான வேலை இல்லை; இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துத்தான் திரும்பினார். மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன வாய் உங்களுக்கு. படுக்கையில கிடக்கிற மனிசன்" என்றாள். நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டேன். அன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் பின்பத்தியில் ஜெனரேற்றர்க் கயிற்றைக் கையில் எடுக்க, மனைவி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் இன்னும் சுவர்ப் பக்கம்தான் இருந்தது.

அண்ணனுக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். "கொள்ளியை நீ வை தம்பி" என்றார். தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகனுடைய கடமை. அதை அவர் எனக்குத் தந்தார். நான் "ஓம்" என்றேன். அவ்வளவு நாள் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பிரேதம் எடுப்பதாக எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். வவுனியாவில் இருந்த மாமிக்கும், அப்பாவின் ஒரே தங்கைக்கு, தொலைபேசியில் சொன்னோம். நான் குளித்து ஈர வேட்டியோடு முற்றத்தில் ஐயருக்கு முன்னால் நின்றேன். அப்போது வாசலில் ஓட்டோ வந்து நின்றது. மாமி இறங்கி, தலைமயிர் அவிழ்ந்து விழ, ஓடிவந்தார்.

"ஐயோ என்ர அண்ணை! பத்து மணியாச்சுதே, எடுத்துப்போட்டியளோ? முகத்தைக் காட்டாமல் எடுத்துப்போட்டியளோ?"

மனைவி ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தாள்.

"இல்லை மாமி, இல்லை. பதறாதேங்கோ. இஞ்ச இன்னும் ஒன்பதரைதான்."

மாமி தன் கைமணிக்கூட்டைப் பார்த்தார். "ஓமெண்டுறன்… ஓமந்தையில மாத்த மறந்துபோனன் பிள்ளை," என்றார்.

அந்த ஆண்டுகளில் அங்கே வாழாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். அப்போது இலங்கையில் இரண்டு நேரம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் வன்னி தள்ளவில்லை. பழைய நேரத்திலேயே நின்றது. வவுனியாவில் ஆறரை என்றால் கிளிநொச்சியில் ஆறு. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது பஸ்ஸில் இருக்கிற எல்லாரும் கைமணிக்கூட்டின் திருகாணியைப் பிடித்துத் திருப்புவார்கள். அந்தப் பக்கம் போனால் அரை மணித்தியாலம் முன்னுக்கு, இந்தப் பக்கம் வந்தால் பின்னுக்கு. சீட்டைக் காட்டுவது மாதிரி, யோசிக்காமல் செய்யும் வேலை. நானும் எத்தனை தடவை செய்திருக்கிறேன். கணினியை மடியில் வைத்துக்கொண்டு வந்த அன்றும் செய்தேன்.

ஆனால் அண்ணன் நாட்டை விட்டுப் போனது அந்த மாற்றத்துக்கு முன்னம். அவருக்கு இரண்டு நேரம் தெரியாது. 'இலங்கை நேரம்' என்று அவர் பார்த்தது கனடாவில் இருந்த கணினி காட்டிய கொழும்பு நேரத்தை. அவருடைய ஆறு மணிக்கு எங்கள் சுவரில் ஐந்தரை. அவர் ஆறரைக்கு நிற்பாட்டிவிட்டு வேலைக்கு ஓட, நான் என்னுடைய ஆறு மணிக்கு மென்பொருளைத் திறந்திருக்கிறேன். ஒரு நிமிடம் பிந்தாமல். ஒவ்வொரு நாளும் அவர் எழும்பிப்போன கதிரைக்கு முன்னால் நான் போய்க் குந்தியிருக்கிறேன்.

இது எனக்கு விளங்கியது ஈர வேட்டியோடு, கையில் தர்ப்பையோடு நிற்கும்போது. ஐயர் ஏதோ சொல்லச் சொன்னார். நான் மாமியின் கைமணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "தம்பி, சொல்லுங்கோ" என்றார். துக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்திருப்பார். அரை மணித்தியாலம் இல்லையாம் என்று சொன்னேனே! அந்தச் சொல்லைத்தான் என் காது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. சுடலையில் கொள்ளி வைத்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். பார்க்கவில்லை.

மறுநாள் காலை, வீடு நிறையச் சொந்தக்காரர் பாயில் கிடக்க, ஐந்தரைக்கு ஜெனரேற்றரைப் போட்டேன். "செத்தவீட்டில உந்த மிசினைப் போடுறானே, இவனுக்குத் தலையில தட்டிட்டுதோ" என்று யாரோ சொன்னது கேட்டது. மனைவி மட்டும் வந்து பக்கத்தில் நின்றாள். அண்ணனுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் அன்று வருவார் என்று நினைக்கவும் எனக்கு நியாயம் இல்லை. அப்பா போய்விட்டார், நான் அவரை ஏசி இரண்டு கிழமைக்கு மேல், இனி யாருக்காக வருவார்?

மென்பொருளைத் திறந்தேன். புள்ளி பச்சையாக இருந்தது.

அவர் இருந்தார். லைனில் ஒரு பிழையும் இல்லை. மோடத்தில் பிழை இல்லை, தடுப்புச் சுவரில் பிழை இல்லை. நான் கோப்பைக் காட்டியதும் அந்தப் பக்கம் வாங்கத் தொடங்கியது. ஒரு வீதம், இரண்டு வீதம். எங்கள் ஆறு மணிக்கு அவர் வேலைக்கு எழும்புவார் என்று பார்த்தேன். எழும்பவில்லை. ஏழு மணி தாண்டி நூறு வீதம் என்று வந்தது. நான் மேசையில் தலையை வைத்துச் சத்தமாக அழுதேன். சொந்தக்காரர்கள் எழும்பி வந்து, அப்பாவுக்காக அழுகிறான் என்று என் முதுகைத் தடவினார்கள்.

அன்று பின்னேரம் அண்ணன் எடுத்தார். நான் முதலில் அந்த அரை மணித்தியாலக் கதையைச் சொன்னேன்.

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை," என்றார்.

"இல்லை அண்ணை."

"நீ ஏசினாப் பிறகும் நான் ஒவ்வொரு நாளும் திறந்தனான் தம்பி. அப்பா செத்த அண்டும் திறந்தனான். ஏனெண்டு தெரியேல்லை."

வீடியோவை ஆறு தடவை பார்த்ததாகச் சொன்னார். அதில் அப்பா என்ன சொன்னார் என்பதை அண்ணனுடைய அனுமதியோடு எழுதுகிறேன். "நீ போனது பிழையில்லை. சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். நான் மத்தியானம் மட்டும் உனக்குச் சாப்பாட்டை மூடிவைச்சிருந்தனான்" என்று சொல்கிறார். பிறகு வயலைப் பற்றி, வாய்க்காலைப் பற்றி. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "தம்பி இதை உனக்கு அனுப்புவான். அவன் சொன்ன நேரத்துக்குச் செய்யிறவன்" என்கிறார். படம் பிடிக்கும்போது அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

"தம்பி," என்றார் அண்ணன், "நான் பாக்கேல்லை எண்டு அப்பாவுக்குத் தெரியுமோ?"

மனைவி எனக்கு எதிரில் நின்றாள்.

"இல்லை அண்ணை. நீங்கள் பாத்திட்டியள் எண்டு சொன்னனான். அழுதவர். சந்தோசத்தில."

அண்ணன் விம்மி விம்மி அழுதார். "நீ நல்லாய் இருப்பாய்" என்றார். மனைவி குசினிக்குள் போனாள்.

அந்தச் சித்திரை வருடப்பிறப்போடு அரசாங்கம் நேரத்தைத் திரும்பப் பின்னுக்கு வைத்தது. முழு நாடும் எங்கள் நேரத்துக்கு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பிறகு சண்டை தொடங்கி, பாதை பூட்டி, நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கணினி வீட்டிலேயே நின்றது. வீடியோவை எடுத்துவைத்திருந்த இன்னொரு சீடியைப் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். இடம்பெயர்ந்திருந்த உடையார்கட்டு ஊரில் பதுங்குகுழிக்குள் வெள்ளம் ஏறிய நாளில் அதுவும் போயிற்று. இன்றைக்கு அப்பாவின் அந்த எட்டு நிமிடம் அண்ணனிடம் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பவோ என்று பல தடவை கேட்டுவிட்டார். நான் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லித் தள்ளிக்கொண்டே வருகிறேன். அந்த முகத்துக்கு முன்னால் போய் இருக்க எனக்குத் துணிவில்லை.

அண்ணை, நான் எழுதுகிற எல்லாவற்றையும் நீங்கள் வாசிக்கிறனீங்கள் என்று எனக்குத் தெரியும். இதையும் வாசிப்பீர்கள். அப்பாவிடம் நான் சொன்னது என்ன என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியதையும் எழுதியிருக்கிறேன். அவருக்குச் சந்தோசம் எதுவும் இருக்கவில்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் வந்தீர்கள், அதை அவர் அறியாமலே போனார், என்னால். வாசித்து முடித்ததும் எடுங்கோ. எந்த நேரமென்றாலும் எடுங்கோ.